ருஷ்யப் படக் கலைஞர் ஐஸன்ஸ்டைன்

கவிஞன் ஒருவனுக்கு எழுதுகோலும் சில ஏடுகளும் போதும். அரசன் சினந்தாலும், செல்வர் கைவிட்டாலும், அவன் இரவு விளக்கின் முன் அமர்ந்து எழுதி மறைத்து வைக்கலாம். ஏடும் இல்லையாயின் நெஞ்சிலேனும் நிறுத்தி வைக்கலாம். சலனப்படக் கலைஞன் நிலையோ வேறு. பெரும்பொருளும், பொறிகளும், நூற்றுக்கணக்கானோர் உழைப்பும் கூடினாலன்றி அவன் கனவு உருப்பெறாது. பொருள் தருவோன் ஒருவன் உளனாகலின், இது வேண்டும், இது வேண்டா என்று கூறும் உரிமையும் அவனுடையதே ஆகின்றது. படம் முடிந்த பின்னரும் அதனை வெட்டவும், பூட்டி வைக்கவும், அழிக்கவும் அவனால் இயலும். இவ்வாறு பிறர் கையை எதிர்நோக்கியே வாழவேண்டிய கலையில், ஒருவன் தன் உள்ளத்தைத் தனதாகவே காத்துக்கொள்ளுதல் கூடுமோ? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் ருஷ்ய டைரக்டர் ஸெர்கே ஐஸன்ஸ்டைன் அவர்களின் வாழ்க்கையை ஆராய்தல் நலம் என்று எண்ணி, அதனை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம்.

ஐஸன்ஸ்டைன் 1898-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள் ரிகா நகரில் பிறந்தார். இன்று லாட்வியா நாட்டின் தலைநகராய் விளங்கும் அந்நகரம் அந்நாளில் ருஷ்யப் பேரரசைச் சார்ந்திருந்தது. தந்தையார் மிக்கேல் ஐஸன்ஸ்டைன் யூத மரபில் வந்தவர். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். முகப்பெங்கும் பெண் முகங்களும் சிங்கங்களும் சித்திர வேலைகளும் செறிந்த அவருடைய மாளிகைகளை ரிகாவின் ஆல்பர்ட்டா தெருவில் இன்றும் காணலாம். தாயார் ஜூலியா பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் செல்வ வணிகர் ஒருவரின் மகளார். இருவர்க்கும் இடையே மனவேற்றுமை முதிர்ந்தது. மைந்தர்க்குப் பதினோரு வயது ஆகும் காலத்துத் தாயார் கணவரைப் பிரிந்து பிறந்தகம் சென்றார்; 1912-ல் மணவிலக்கும் நிகழ்ந்தது. தந்தையின் கடுமைக்கு அஞ்சி அடங்கி வளர்ந்த சிறுவர், படம் வரைவதிலும், நூல் பயில்வதிலும், சர்க்கஸ் கோமாளிகளைக் கண்டு களிப்பதிலும் ஆறுதல் பெற்றார். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகள் இளமையிலேயே அவருக்கு எளியவாயின.

தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொள்ளும் நோக்குடன் 1915-ல் பெட்ரோகிராடு நகரத்துப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். ஈராண்டு கழியுமுன் புரட்சி எழுந்தது. ஜார் மன்னன் முடி துறந்தான். உள்நாட்டுப் போர் மூண்டது. 1918-ல் மாணவர் ஐஸன்ஸ்டைன் செஞ்சேனையிற் சேர்ந்தார். தந்தையோ மறுபக்கமாகிய வெண்சேனையைச் சார்ந்தார். ஒரே குடியில் தந்தையும் மகனும் இரு பகைக் கொடிகளின் கீழ் நின்ற அவலம் அது. தந்தையார் பின்னர் ஜெர்மனி சென்று 1920-ல் பெர்லின் நகரில் மறைந்தார். பெற்ற தந்தையை எதிர்த்து நின்ற இந்நினைவு மகனை விட்டு நீங்கவில்லை போலும்! தந்தையும் மைந்தனும் முரணும் கதை அவருடைய பிற்காலப் படங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது.

சேனையில் அவர் அரண் கட்டும் பணி செய்தார். போர்வீரர் நடித்த நாடகங்களுக்குத் திரை எழுதினார். 1920-ல் ஜப்பானிய மொழி பயிலும் பொருட்டு மாஸ்கோ நகர் வந்தார். அம்மொழிப் பயிற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் அதிலிருந்து அவர் கொண்ட செல்வம் பெரிது. சீனரிடமிருந்து ஜப்பானியர் பெற்ற சித்திர எழுத்துக்களில் கண்ணின் குறியும் நீரின் குறியும் அடுத்து நின்றால் அழுகை என்பது பொருள். கதவின் குறியும் செவியின் குறியும் கூடினால் கேட்டல் என்பது பொருள். நமது இலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். பொற்றொடி வந்தாள் என்னுமிடத்துப் பொன் என்பதும் பெண்ணன்று, தொடி என்பதும் பெண்ணன்று. இரண்டும் தொக்கவிடத்து, அவ்விரண்டிலும் இல்லாத ஒருத்தி நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றாள். இதனை அன்மொழித்தொகை என்கின்றோம். படத்துண்டுகளையும் இவ்வாறே தொகுத்து, எந்தத் துண்டிலும் இல்லாத புதுப்பொருளைக் காண்போர் உள்ளத்தில் பிறப்பிக்கலாம் என்று ஐஸன்ஸ்டைன் கண்டார். மாண்டாஜ் என்று உலகம் வழங்கும் தொகுப்புக் கலையைப் பற்றி அவர் கொண்ட கொள்கையின் உயிர்நிலை இதுவே.

அவர் காலத்து ருஷ்யாவில் குலெஷாவ், புடாவ்கின் முதலிய வேறு பேரறிஞரும் இக்கலையை ஆராய்ந்தனர். செங்கல்லின்மேல் செங்கல் வைத்துச் சுவர் எழுப்புவது போலப் படத்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கதையைக் கட்டவேண்டும் என்பது புடாவ்கின் கொள்கை. துண்டோடு துண்டு மோதவேண்டும், அம்மோதலிற் பொறி பறப்பது போலக் கருத்துத் தோன்றவேண்டும் என்பது ஐஸன்ஸ்டைன் கொள்கை.

இக்கொள்கை முதலில் நாடக மேடையில் முளைத்தது. தொழிலாளர் கலைக்கழகமாகிய புரோலெட்கல்ட் அரங்கில் அவர் பணியாற்றினார். புதுநெறி நாடகத் தலைவராகிய மேயர்ஹோல்டு என்பாரை ஆசானாகக் கொண்டு பயின்றார். அவரைத் தம் இரண்டாம் தந்தையாகவே போற்றினார். 1923-ல் பழைய நாடகம் ஒன்றைச் சர்க்கஸ் வித்தைகளோடு கலந்து நடத்தி, அதனிடையே சிறு படம் ஒன்றையும் காட்டினார். மறு ஆண்டு, மாஸ்கோவின் எரிவாயுத் தொழிற்சாலை ஒன்றின் உள்ளேயே நாடகம் நடத்தினார். மெய்யான பொறிகளின் நடுவே பொய்யான நாடகம் எடுபடவில்லை. மேடை தமக்குப் போதாது என்று தெளிந்து சலனப்படத் துறை புகுந்தார். அவருடைய முதற் பெரும்படமாகிய 'வேலைநிறுத்தம்' 1925-ல் வெளிவந்தது. தொழிலாளர் சுடப்படும் காட்சியின் ஊடே, கொலைக்களத்தில் மாடு வெட்டப்படும் காட்சியை அவர் தொடுத்து வைத்திருந்தார்.

1905-ஆம் ஆண்டு எழுந்த முதற் புரட்சியின் இருபதாம் ஆண்டு நினைவாக ஒரு படம் எடுக்குமாறு அரசாங்கம் அவரைப் பணித்தது. பல நிகழ்ச்சிகளைக் காட்ட எண்ணித் தொடங்கியவர், முடிவில் ஒன்றனையே தேர்ந்துகொண்டார். அதுவே 'பொட்டெம்கின் போர்க்கப்பல்'. புழு நெளியும் இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகள், தம்மைச் சுட முயன்ற மேலதிகாரிகளை எதிர்த்துக் கிளம்பிய வரலாறு அது. ஒடெஸ்ஸா நகரின் பெரும் படிக்கட்டில் எடுத்த காட்சியை அறியாத படக்கலை மாணவர் எந்நாட்டிலும் இலர். வரிசையாய்ப் படியிறங்கி வரும் படைவீரர். சிதறி ஓடும் மக்கள். இறந்த சேயைக் கையில் ஏந்தி மேலேறி வரும் தாய். பிடி விட்டதனால் குழந்தையோடு தானே உருண்டோடும் தள்ளுவண்டி. சில நிமிடங்களில் முடியக்கூடிய செயல், துண்டு துண்டாய் நீண்டு, காண்பார் நெஞ்சைப் பிழிகின்றது. அப்படுகொலையை அடுத்துக் கல்லாற் செய்த சிங்கங்கள் மூன்று தோன்றுகின்றன. ஒன்று துயில்கின்றது, ஒன்று விழித்தெழுகின்றது, ஒன்று எழுந்து நிற்கின்றது. மூன்றும் கிரிமியா நாட்டு அலுப்கா அரண்மனைப் படிகளில் உள்ள தனித்தனிச் சிலைகள். அவற்றை விரைந்து அடுக்கிய மாத்திரத்தில் கற்சிங்கம் ஒன்று கொடுமை பொறாது உயிர்பெற்று எழுவதாகத் தோன்றுகின்றது. படம்பிடித்த டிஸ்ஸே என்பாரின் திறனும் இங்கே போற்றத்தக்கது.

1925-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மாஸ்கோவின் பால்ஷாய் அரங்கில் இப்படம் முதன்முதல் காட்டப்பட்டபோது, அதன் ஆசிரியருக்கு வயது இருபத்தேழு. மறு ஆண்டு பெர்லினில் காட்டப்பட்ட பின்னர் அவர் புகழ் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் பொதுமக்கள் முன் அதனைக் காட்டலாகாது என்று விதித்த தடை 1954 வரை நீடித்தது. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் நகரக் கண்காட்சியில் கூடிய அறிஞர்கள் உலகப் படங்களுள் தலைசிறந்தது இதுவே என்று தேர்ந்தனர்.

இவ்விடத்தில் நம் மனத்தில் எழும் தடை ஒன்றனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஒடெஸ்ஸா நகரில் அந்நாளில் மக்கள் பலர் சுடப்பட்டது மெய். ஆனால் படிக்கட்டுக் கொலை படத்தில் உள்ளவாறே நிகழ்ந்ததன்று. கலைஞர் படைத்த காட்சியையே இன்று பலர் வரலாறென நம்புகின்றனர். மேலும், அப்படத்தில் வரும் பாதிரியார், கையிற் சிலுவை ஏந்திக் கொடியோர்க்குத் துணைநிற்பவராகவே தீட்டப்பட்டுள்ளார். சிலுவையை வணங்கி வளர்ந்த நமக்கு இக்காட்சி உறுத்துகின்றது. ஆயினும் அக்காலத்து ருஷ்யத் திருச்சபை மன்னனின் அரியணைக்கு மிக அணுக்கமாய் நின்றதென்பதும் மறுக்கலாகாத உண்மை. பகைவர் வரைந்த படத்திலும் நம் முகத்தின் மறு ஒன்று தெரியுமாயின் அதனைக் கண்டு நாணுதலே தக்கது.

பின்னர் வந்தது 1917-ஆம் ஆண்டுப் புரட்சியின் பத்தாண்டு நிறைவுக்கென எடுத்த 'அக்டோபர்'. அப்படம் முடியும் தறுவாயில் புரட்சித் தலைவருள் ஒருவராகிய டிராட்ஸ்கி கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். உடனே அவர் தோன்றும் பகுதிகளை வெட்டியெறிய நேர்ந்தது; குறைந்த படமே 1928-ல் வெளிவந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பொருள் படைத்தவர், துண்டுகளை நீக்கி வரலாற்றையே மறைக்கலாம் என்பதை முதன்முறை தம் கையாலேயே செய்து கண்டார். அடுத்து 1929-ல் வெளிவந்த 'பழையதும் புதியதும்' கூட்டுப்பண்ணை முறையைப் புகழ்ந்தது. பாலேடு பிரிக்கும் பொறியில் பாலேடு வழியும் காட்சி கண்கொள்ளா அழகினது. ஆயினும், கூட்டுப்பண்ணையை அரசு வன்மையாய்ப் புகுத்திய பின்னர், 1932, 1933-ஆம் ஆண்டுகளில் வந்த பஞ்சத்தில் பல இலட்சம் உழவர் மாண்டனர் என்பதை அறிந்த நாம் அவ்வழகை மனக்கலக்கமின்றிக் காண இயலவில்லை.

1929-ல் அவர் தம் துணைவர்களாகிய அலெக்ஸாண்டிராவ், டிஸ்ஸே என்னும் இருவரோடு மேல்நாட்டுப் பயணம் புறப்பட்டார். பேசும் படம் தோன்றிய புதிது. அதனை அறிந்து வருதல் பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1930-ல் ஹாலிவுட் நகரில் பாரமௌண்ட் கம்பெனியார் அவரை அமர்த்திக்கொண்டனர். சாப்ளின் முதலிய கலைஞர் நட்பினராயினர். ஆனால் அவர் எழுதித்தந்த கதைகளுள் ஒன்றேனும் படமாகவில்லை. டிரைஸர் எழுதிய 'ஓர் அமெரிக்க அவலம்' என்னும் நாவலைக் கொண்டு அவர் வரைந்த கதையில் குற்றம் யாருடையது, இளைஞனுடையதா, அவனை ஆக்கிய சமுதாயத்தினுடையதா என்ற வினா எழுந்தது. கம்பெனியார்க்கு வேண்டியதோ எளியதொரு கொலைக் கதை. அவ்வாண்டு முடியுமுன்பே ஒப்பந்தம் முறிந்தது. ஆணையிடும் அரசாங்கத்தைப் போலவே, ஆதாயம் கருதும் முதலாளியும் கலைஞன் கையைப் பிடிப்பான் என்பதை அங்கே கண்டார்.

பின்னர் எழுத்தாளர் அப்டன் ஸிங்க்ளேர் பொருளுதவ, மெக்ஸிகோ நாட்டில் பெரும்படம் ஒன்று தொடங்கினார். அந்நாட்டுப் பழங்குடி மக்களின் வாழ்வும் சாவும் திருவிழாவும் கலந்த அப்படத்திற்கென ஏறத்தாழ 2,00,000 அடி படச்சுருள் ஓடியது. செலவு எல்லை கடந்தது. மாஸ்கோவில் அவர்மீது ஐயம் வளர்ந்தது. 1931-ல் ஸ்டாலினே அவர்மேல் நம்பிக்கை இல்லையென ஸிங்க்ளேருக்குத் தந்தி கொடுத்தார். 1932-ன் தொடக்கத்தில் பணி நிறுத்தப்பட்டது. எடுத்த படச்சுருள் ஸிங்க்ளேர் வசமே தங்கியது. பிறர் அதனை வெட்டித் தைத்துச் சில படங்களாக விற்றனர். தொகுப்பதே கலை என்று வாழ்ந்தவருக்குத் தாம் ஓராண்டிற்கு மேலாய் உழைத்து எடுத்த படத்தைத் தொகுக்கும் பேறு இறுதிவரை கிடைக்கவில்லை.

நாடு திரும்பியவர் மாஸ்கோ சலனப்படக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். 1934-ல் பெரா அட்டாஷெவா என்னும் பத்திரிகை எழுத்தாளரை மணந்தார். 1935-ல் 'பெஷின் புல்வெளி' என்னும் படத்தைத் தொடங்கினார். கூட்டுப்பண்ணைக்குத் தீங்கு சூழ்ந்த தந்தையை மகன் காட்டிக்கொடுக்க, தந்தை மகனைக் கொல்லும் கதை அது. அரசின் கருத்திற்கு இசைந்த கதையேயாயினும், ஆசிரியர் கைபட்டு அது தந்தை கையால் மைந்தன் பலியாகும் பழைய வேதக் கதைபோல் ஆழ்ந்துவிட்டது. மேலிடத்தார் சினந்தனர். நோயாலும், திருத்தங்களாலும் தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்த பணியை 1937 மார்ச்சுத் திங்களில் படத்துறைத் தலைவர் ஷூம்யாட்ஸ்கி அடியோடு நிறுத்தினார். ஐஸன்ஸ்டைன் தம் பிழைகளைத் தாமே பட்டியலிட்டுப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். அக்காலத்து அச்சத்தை எண்ணாமல் அவரை இகழ்தல் ஆகாது. அதே படத்திற்குக் கதை திருத்தித் தந்த எழுத்தாளர் பாபெல் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தை நிறுத்திய ஷூம்யாட்ஸ்கியும் அவருக்கு முன்னரே, 1938-ல், அவ்வாறே மாண்டார்.

1938-ல் வந்த 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி' அவரை மீண்டும் உயர்த்தியது. 1242-ல் பனியுறைந்த ஏரியின்மேல் ஜெர்மானிய மறவரை ருஷ்யர் வென்ற வரலாறு அது. அப்பனிப்போரைக் கடுங்கோடையில் செயற்கைப் பனி பரப்பி எடுத்தனர். இசைமேதை புரோகோபீவ் இசையமைக்க, செர்க்காஸவ் நாயகனாய் நடித்தார். லெனின் விருது கிடைத்தது. ஆனால் 1939-ல் ஸ்டாலினும் ஹிட்லரும் உடன்படிக்கை செய்துகொண்டவுடன் படம் திரையினின்று மறைந்தது; 1941-ல் ஜெர்மனி படையெடுத்தவுடன் மீண்டும் தோன்றியது. ஒரு துண்டும் மாறாத அதே படம் இன்று குற்றம், நாளை தேசபக்தி!

இதற்கிடையே ஆசான் மேயர்ஹோல்டு 1939-ல் சிறைப்பட்டார். அவர் மனைவியார் தம் இல்லத்திலேயே கொலையுண்டார். 1940 பிப்ரவரி 2-ஆம் நாள் ஆசானும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரை உரைக்கவும் பலர் அஞ்சிய அந்நாளில், அவருடைய கையெழுத்துக்களையும் ஏடுகளையும் வளர்ப்பு மகள் காத்து ஐஸன்ஸ்டைனிடம் ஒப்புவித்தார். அவர் அவற்றை ஏற்று, நகருக்குப் புறத்தேயுள்ள தம் வேனில் வீட்டில் மறைத்து வைத்தார். வெளிப்பட்டால் தம் உயிருக்கும் கேடு என்பதை அவர் அறியாதவரல்லர். ருஷ்ய நாடகக் கலையின் அரும்பொருள் பல இன்று நமக்கு எஞ்சியிருப்பது அச்செயலால்.

ஸ்டாலின் பெரிதும் மதித்த கொடுங்கோல் மன்னன் நான்காம் ஐவான் வரலாற்றைப் படமாக்கும் பணி 1941-ல் அவரிடம் வந்தது. போர் காரணமாகப் படக்கூடங்கள் இன்றைய கஸாக்ஸ்தான் நாட்டிலுள்ள அல்மா-ஆட்டா நகருக்கு மாற்றப்பட, அங்கே 'பயங்கர ஐவான்' உருவாயிற்று. 1945-ல் வெளிவந்த முதற் பாகம் நாட்டை ஒன்றாக்கிய மன்னனைப் போற்றியது. ஸ்டாலின் பரிசும் பெற்றது. இரண்டாம் பாகமோ வேறு திறத்தது. அதில் மன்னன் ஐயத்தால் அரிக்கப்பட்டுத் தனித்து நிற்கின்றான். தாழ்ந்த கூரையின் கீழ் அவன் நிழல் சுவரெங்கும் பேருருவாய்ப் படர்கின்றது. கறுப்பு வெள்ளையாய் ஓடிய படம் விருந்துக் காட்சியில் திடீரெனச் செந்நிறமும் பொன்னிறமும் கொள்கின்றது. பேதையாகிய தன் உறவினன் ஒருவனுக்குத் தன் முடியையும் உடையையும் அணிவித்து, தனக்கென ஏவப்பட்ட கொலையாளியின் கத்திக்கு அவனை இரையாக்குகின்றான் மன்னன்.

1946 பிப்ரவரி 2-ஆம் நாள், பரிசு பெற்றோர்க்கென நடந்த விருந்தில் ஆடிக்கொண்டிருந்த ஐஸன்ஸ்டைன் மார்வலியால் வீழ்ந்தார். ஆசான் மாண்டு அன்றோடு ஆறு ஆண்டுகள். அவர் மருத்துவமனையிற் கிடக்கும்போது இரண்டாம் பாகத்தைப் பார்த்த ஸ்டாலின் கடுஞ்சினம் கொண்டார். செப்டம்பரில் கட்சியின் மத்தியக் குழு அப்படத்தைக் கண்டித்துத் தடுத்தது. 1947 பிப்ரவரியில் ஐஸன்ஸ்டைனும் செர்க்காஸவும் கிரெம்ளின் மாளிகைக்கு அழைக்கப்பட்டனர். மன்னன் தாடியின் நீளமும் குறையாயிற்று. ஐவான் கொடியவன் என்று காட்டலாம், ஆனால் கொடுமை ஏன் வேண்டியிருந்தது என்பதையும் காட்டவேண்டும் என்பது ஸ்டாலின் அறிவுரை. படத்தைத் திருத்த ஆசிரியருக்கு இசைவு தரப்பட்டது. அவரும் தலையசைத்துத் திரும்பினார்.

ஆனால் அவர் திருத்தவில்லை. ஓராண்டுக் காலம் எழுதினார், கற்பித்தார், வண்ணப்படக் கலையை ஆராய்ந்தார், அப்படத்தில் மட்டும் கத்தரியை வைக்கவில்லை. 1948 பிப்ரவரி 11-ஆம் நாள், ஐம்பது வயது நிரம்பிய சில நாட்களில், மீண்டும் மார்வலி கண்டு மாஸ்கோவில் உயிர் நீத்தார். நோவோதேவிச்சி இடுகாட்டில் அவருடைய சாம்பல் அடக்கம் செய்யப்பட்டது. ஸ்டாலின் 1953-ல் மறைந்தார். 1958-ல் இரண்டாம் பாகம், ஆசிரியர் விட்டுச் சென்றவாறே, உலகம் காண வெளிவந்தது.

'பெஷின் புல்வெளி' அழிந்துபோயிற்று. ஆயினும் அதன் காட்சிகளினின்று வெட்டியெடுத்த சிறு சிறு படத்துண்டுகளை அவர் மனைவியார் பேணி வைத்திருந்தார். அவற்றை வரிசைப்படுத்தி, புரோகோபீவ் இசையோடு இணைத்து, 1967-ல் அறிஞர் இருவர் ஏறத்தாழ அரைமணி நேரப் படமாக அமைத்தனர். அசையாத அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும்போது, அழிந்த படம் காண்பார் மனத்தில் எழுகின்றது. அவர் வாழ்நாளெல்லாம் கற்பித்த தொகைநிலையின் பயன் அது.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஐஸன்ஸ்டைன் ஆள்வோர்க்குப் பணிந்தார், டிராட்ஸ்கியை வெட்டினார், செய்யாத பிழையை ஒப்பினார். இவற்றை மறைத்து அவரை மாசற்ற வீரராக்குதல் பொய்யாகும். ஆயினும் தம் ஆசான் ஏடுகளைக் காத்தார். தம் இறுதிப் படத்தில் கொடுங்கோலன் முன்னரே கொடுங்கோன்மையின் தனிமையைத் தீட்டினார். அதனை வெட்டுமாறு ஏவியபோது கையை மடக்கிக்கொண்டார். அஞ்சியவர் அவர், அச்சத்தினிடையேயும் சிலவற்றை விட்டுக்கொடாதவர். நாளை அலுவலகத்திலும் பள்ளியிலும் பத்திரிகையிலும் பிறர் கீழ்ப் பணிபுரியப் புகும் நாம், எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது என்று இப்பொழுதே தெளிந்து வைத்துக்கொள்ளுதல் நன்று.